ரேஞ்ச் 35 மீட்டர் என்றால் மணல் 35 மீட்டருக்குத் தொடர்ந்து கிடக்கிறதா?

கிருலப்பனை_22 கேட்டது:

வணக்கம். கொழும்பில் மண் பரிசோதனை, நிலத்தடி நீர் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். இப்போது கையில் இருக்கும் சைட் கிருலப்பனைக் கால்வாய்க்குக் கிட்ட. இரண்டு தட்டு பேஸ்மென்ட் தோண்டப் போகிறார்கள். மேலே 2 மீட்டர் நிரப்பிய செம்மண், அதற்குக் கீழே கறுத்த பீட்டும் (உக்கின செடிகொடி மண்) சேற்றுக் களியும். இடையிடையே மணல். அதன்பிறகு உக்கின பாறை, கடைசியில் நைஸ் என்கிற கெட்டிப் பாறை.

பிரச்சினை மணல். குழிக்குள் வரும் தண்ணீரை பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மேற்குப் பக்கச் சுவரில் இருந்து 25 மீட்டரில் ஒரு பழைய ஓட்டு வீடு. நாங்கள் இறைக்கிற மணலும் அந்த வீட்டுக்குக் கீழே உள்ள மணலும் ஒன்றோடொன்று தொடுத்து இருந்தால், அங்கே நீர்மட்டம் இறங்கும், பீட் அமுங்கும், சுவர் வெடிக்கும். தொடுப்பு இல்லையென்றால் பயமில்லை. அந்த வீட்டு அன்ட்டி ஏற்கனவே சுவரில் இருக்கிற வெடிப்புகளை எல்லாம் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். கெட்டிக்காரி.

எங்களிடம் 22 போர்ஹோல் (ஆய்வுத் துளை). ஒவ்வொரு துளையின் லொக்கிலும் (எந்த ஆழத்தில் என்ன மண் என்ற குறிப்பு) மணலுக்கு 1, மற்றதெல்லாம் 0 என்று போட்டேன். மொத்தத்தில் மணல் 28 வீதம். இண்டிகேட்டர் வேரியோகிராம் (இந்த 1, 0 சோடிகள் தூரம் கூடக்கூட எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் கோடு) போட்டால் கிடையாக ரேஞ்ச், அதாவது அந்தக் கோடு ஏறி முடிந்து தட்டையாகும் தூரம், 35 மீட்டர், செங்குத்தாக 1.8 மீட்டர். கோடு 0.2 என்ற உயரத்தில் போய் நிற்கிறது (அந்த உயரத்தை 'சில்' என்பார்கள்), அது சரி, 0.28 ஐ 0.72 ஆல் பெருக்கினால் அதுதான் வரும்.

இதைப் பார்த்ததும் எங்கள் சேர் சொன்னார்: "ரேஞ்ச் 35, வீடு 25. அப்போ கனெக்ட் ஆகி இருக்கு. ரிப்போர்ட்டில் எழுது." எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் பிழை என்று வாயைத் திறந்து சொல்லவும் தெரியவில்லை.

சரி என்று, அதே வேரியோகிராமை வைத்து 100 தடவை இண்டிகேட்டர் சிமுலேஷன் ஓட்டினேன், அதாவது நிலத்துக்குள் மணல் எப்படியெல்லாம் கிடக்கலாம் என்று 100 கற்பனைப் படம். படத்தின் ஒவ்வொரு செல்லும் (சின்னக் கட்டி) 2 க்கு 2 மீட்டர், உயரம் அரை மீட்டர். ஒவ்வொன்றிலும் குழியைத் தொடும் மணல் வீட்டுக்குக் கீழ் வரை போகிறதா என்று பைதனில் சைபை தொகுப்பின், தொடுத்து இருக்கும் செல்களுக்கு ஒரே இலக்கம் போடும் லேபல் கட்டளையால் பார்த்தேன். 100 இல் 17 தான் போகிறது. பக்கத்து மேசைக்காரன் அதே 100 ஃபைலையும் வாங்கி சைகிட்-இமேஜ் என்கிற இன்னொரு பைதன் தொகுப்பில் போட்டான். அவனுக்கு 61.

ஒரே ஃபைல். ஒரே கேள்வி. 17 உம் 61 உம். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் கொத்து ரொட்டி ருசிக்கவில்லை. யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

சேற்றுக்கால் எழுதியது:

தம்பி, முதலில் 17 க்கும் 61 க்கும் உள்ள சண்டையைத் தீர்ப்போம், அது லேசு. கீழே உள்ளதைப் பாருங்கள். ம என்றால் மணல், க என்றால் களி.

ம க க க ம
க ம க ம க
க க ம க க
க ம க ம க
ம க க க ம

ஒன்பது மணல் செல். மூலைக்கு மூலை தொட்டாலும் தொடுப்புத்தான் என்று எடுத்தால் ஒரே கூட்டம். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினால்தான் தொடுப்பு என்றால் ஒன்பது தனித்தனிக் கூட்டம். சைபையின் லேபல் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கம் மட்டும் பார்க்கும், முப்பரிமாணத்தில் 6 அயல். சைகிட்-இமேஜ் ஒன்றும் சொல்லாவிட்டால் மூலை விளிம்பு எல்லாம் சேர்த்துப் பார்க்கும், 26 அயல். உங்கள் நண்பர் பிழை விடவில்லை, நீங்களும் விடவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நம்பாவிட்டால் இந்தப் பெருக்கல் குறியை இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? அதற்குக் காரணம் உங்கள் 28 வீதம். செல்களுக்கு இடையில் எந்தத் தொடர்பும் இல்லாமல், சும்மா அரிசி தூவின மாதிரி மணலைத் தூவினால், கனசதுரக் கட்டத்தில் 6 அயல் விதிப்படி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாதை திறப்பது கிட்டத்தட்ட 31 வீதத்தில். 26 அயல் என்றால் 10 வீதத்திலேயே திறந்துவிடும். உங்கள் 28 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு விதிக்குக் கதவு பூட்டு, மற்ற விதிக்குக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. மணல் 50 வீதமாகவோ 5 வீதமாகவோ இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் வந்திருக்கும், நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள். உண்மையான மணல் தூவினது மாதிரி இல்லை, திட்டுத் திட்டாக இருக்கும். அதனால் அந்த எல்லை பொதுவாகக் கீழே இறங்கும். சின்னச் சைட்டில் அது கூர்மையாகவும் இருக்காது. ஆனால் கதை அதுதான்.

இன்னொன்று. போர்ஹோல் 4 க்கும் 9 க்கும் இடையில் ஒரு குறுக்குவெட்டு கீறி, "பாருங்கள் சேர், மணல் அறுந்து இருக்கு" என்று காட்டி வைக்காதீர்கள். இரு பரிமாணத்தில் அந்த எல்லை 59 வீதம், மூலையைச் சேர்த்தாலும் 41. தாளில் அறுந்திருப்பது நிலத்தில் பக்கத்தால் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். கொழும்பின் காலி வீதியை வெள்ளவத்தையில் மறித்தால் பஸ் நின்றுவிடுமா? பக்கத்துக் கடற்கரை வீதி மரைன் டிரைவால் போகும்.

இப்போது உங்கள் சேருக்கு வருவோம். வேரியோகிராம் செய்வது என்ன? இரண்டு இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது. இதுவும் அதுவும் ஒரே மாதிரியா வேறு மாதிரியா? அவ்வளவுதான். நடுவில் என்ன இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. ரேஞ்ச் 35 என்றால், 35 மீட்டருக்கு அப்பால் ஒரு இடத்தில் மணல் இருப்பது மற்ற இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று அர்த்தம். 25 மீட்டருக்குப் பாதை இருக்கிறது என்று அர்த்தமே இல்லை.

புட்டையும் இடியப்பத்தையும் யோசியுங்கள். இரண்டும் அதே அரிசிமா. ஒரு தட்டில் அதே அளவு மா, அதே அளவு இடைவெளி. ஆனால் இடியப்பத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மறுபக்கம் அசையும், புட்டில் விரலோடு நாலு மணிதான் வரும். மா எவ்வளவு, திட்டு எவ்வளவு பெரிசு என்று மட்டும் அளந்துவிட்டு, இது புட்டா இடியப்பமா என்று சொல்லச் சொன்னால் எப்படி? ஒரே வேரியோகிராம் உள்ள இரண்டு படம், ஒன்றில் வாய்க்கால் மாதிரி நீண்ட மணல், மற்றதில் உருண்டை உருண்டையாக மணல், இவற்றைச் செய்து காட்டலாம். தண்ணீர் இரண்டிலும் ஓடுவது வேறு.

இதற்கு வேரியோகிராமைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்த வழியை டானி கிரிக் என்ற பொறியியலாளர் 1951 இல் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காகத் தொடங்கியதும், பிறகு பிரான்சில் மத்தெரோன் கோட்பாடாக்கியதும், ஒரு துண்டுப் பாறையில் சராசரியாக எவ்வளவு தங்கம் என்று மதிப்பிடத்தான். சராசரிக்கு இரண்டு புள்ளி போதும். பாதைக்குப் போதாது.

பாதையை அளக்க வேண்டுமென்றால் அதற்கே உள்ள அளவை எடுங்கள். உங்கள் 100 படத்திலும் கூட்டங்களுக்கு இலக்கம் போட்டாயிற்று. இப்போது 10 மீட்டர் இடைவெளியில் உள்ள, இரண்டும் மணலான செல் சோடிகளை எல்லாம் எடுங்கள். அதில் எத்தனை சோடி ஒரே இலக்கத்தில் இருக்கிறது? அந்த விகிதம்தான் 10 மீட்டரில் இணைப்பு. அதேபோல் 20, 30, 40. வளைகோடு ஒன்று வரும். அது கொஞ்சத் தூரத்தில் பூச்சியத்துக்கு விழுந்தால் திட்டுகள் தனித்தனி. விழாமல் ஒரு மட்டத்தில் தட்டையாக நின்றால் சைட் முழுக்க ஓடுகிற ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ஒரே எண்ணாக வேண்டுமென்றால், ஒவ்வொரு கூட்டத்தின் செல் எண்ணிக்கையையும் வர்க்கித்துக் கூட்டி, மொத்த மணல் செல்களின் வர்க்கத்தால் பிரியுங்கள். மேலே உள்ள பெருக்கல் குறிக்கு மூலை விதியில் 1, பக்க விதியில் 9 இல் 1 பங்கு.

எந்த விதி சரி என்று கேட்பீர்கள். பிறகு இதை நிலத்தடி நீரோட்டம் கணக்கிடும் மொட்ஃப்ளோ மென்பொருளில் போடப் போகிறீர்களென்றால் 6. சாதாரணக் கட்டத்தில் மொட்ஃப்ளோ தண்ணீரைச் செல்லின் ஆறு முகத்தால் மட்டும்தான் விடும், மூலையால் விடாது. ஆனால் அதற்கு முன் செல்லைப் பாதியாக்கி இன்னொரு தடவை சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள். 17 உம் 61 உம் ஒன்றையொன்று நெருங்கினால், சண்டை பெரும்பாலும் செல் அளவால் வந்தது.

தெஹிவளை_ஜி எழுதியது:

ஏன் இவ்வளவு மினக்கெட வேணும்? இண்டிகேட்டர் கிரிகிங் (ஒவ்வொரு இடத்திலும் மணல் இருக்கும் சாத்தியத்தைச் சுற்றியுள்ள போர்ஹோல்களை வைத்து மதிப்பிடுவது) ஒன்று செய்து 0.5 க்கு மேல் வந்ததை மணல் என்று வைத்தால் ஒரே படம், ஒரே விடை.

சேற்றுக்கால் எழுதியது:

கிரிகிங் படம் இஸ்திரி போட்ட மாதிரி. மடிப்பெல்லாம் போய்விடும், நமக்கு வேண்டியது அந்த மடிப்புத்தான். மணல் 28 வீதம் என்றால் போர்ஹோலில் இருந்து விலகின இடமெல்லாம் 0.28 பக்கம் போய் நிற்கும். 0.5 இல் வெட்டினால் போர்ஹோலைச் சுற்றி மட்டும் மணல் உருண்டைகள், மற்ற இடமெல்லாம் களி. வீட்டுக்காரருக்கு நல்ல செய்தி, ஆனால் பொய்ச் செய்தி.

அதோடு ஒன்றை விட்டுவிட்டேன். யாராவது மண்ணின் நீர்கடத்து அளவுக்கு மடக்கை (logarithm) எடுத்து, அது மணிவடிவப் பரம்பலில் இருக்கும் என்று வைத்துக் கோசியன் சிமுலேஷன் செய்யச் சொன்னால் கவனம். கோசியன் முறையில் நடுத்தர மதிப்புகள்தான் நன்றாகத் தொடுத்துக்கொள்ளும். மிக அதிகமானதும் மிகக் குறைந்ததும் சிதறிப்போகும். நாங்கள் பயப்படுவதோ அந்த மிக அதிகமானது தொடுத்து இருக்குமோ என்று. பயத்தை முதலிலேயே மாதிரியில் இருந்து எடுத்துவிட்டு, பயமில்லை என்று எழுதுவது மாதிரி.

கைப்பிடிமண் எழுதியது:

நான் ஓய்வெடுத்துப் பத்து வருடத்துக்கு மேல். கணக்கெல்லாம் எனக்கு விளங்காது, துளை போட்ட ஆள். இரண்டு விஷயம் சொல்லலாமா தம்பி?

ஒன்று, உங்கள் 1 உம் 0 உம் எங்கே இருந்து வந்தது? துளையைக் கழுவிக் கழுவி இறக்கியிருந்தால், ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவைதான் அடித்து மாதிரி எடுப்பார்கள். நடுவில் நாலு விரல் தடிப்பில் ஒரு மணல் கீற்று இருந்தால் அது கழுவுநீரோடு மேலே வந்து வாய்க்காலுக்குப் போய்விடும். லொக்கில் "கறுத்த சேற்றுக் களி" என்று ஒரே வரியாக இருக்கும். அந்த நாலு விரல்தான் தண்ணீரைக் கொண்டுபோகும். துளை போட்ட பெடியனைப் பிடித்துக் கேளுங்கள். எந்த ஆழத்தில் கழுவுநீர் திடீரென்று குறைந்தது, எங்கே நிறம் மாறியது. புத்தகத்தில் எழுதியிருக்க மாட்டான், ஆனால் ஞாபகம் இருக்கும். ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

இரண்டு, மணல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே? பழைய ஓடை ஒன்று மூடுண்டு கிடந்தால் மணல் ஓடை மாதிரித்தான் கிடக்கும், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் ஒடுக்கம். கடல் போட்ட மணல்மேடு என்றால் கரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கும். எல்லாத் திசையையும் ஒன்றாகக் கலந்து 35 என்று ஒரு எண் எடுத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் யாழ்ப்பாணம் வலிகாமத்து ஆள். சின்ன வயதில் அம்மம்மா சொல்லுவா, நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்ததாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். சுண்ணக்கல்லுக்குள் குகை குகையாகத் தண்ணீர் ஓடுகிற ஊரில் அப்படி ஒரு கதை வராமலா இருக்கும். தொடுப்பு இருக்கா இல்லையா என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்து வழி அதுதான், ஒன்றைப் போட்டு மற்றப் பக்கம் பார். 2014 கடைசியில் மலைநாட்டில் உமா ஓயாத் திட்டத்தின் நீர்ச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றினதும், வீடு வெடித்ததும் ஞாபகம் இருக்கும். கற்பாறைக்குள் தொடுப்பு எங்கே இருக்கு என்று கிணறு வற்றித்தான் சனத்துக்குத் தெரிந்தது.

உங்களுக்கு மண்ணுக்குள் தேசிக்காய் போட முடியாது. ஆனால் அந்த வீட்டு வளவுக்குள் ஒரு நீர்மட்டக் குழாய் இறக்கலாம். இங்கே இறையுங்கள், அங்கே பாருங்கள்.

சேற்றுக்கால் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் ஒரு வரி. பம்ப் சோதனை செய்தால் இரண்டு மூன்று குழாயில் நேரத்தோடு எழுதுங்கள், கடைசி மட்டத்தை மட்டும் எழுதாதீர்கள். வழக்கமான நேர்கோட்டு முறையில் கணக்குப் பார்த்தால் கடத்துதிறன் (நிலம் தண்ணீரை எவ்வளவு லேசாக விடும் என்ற எண்) எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும், சேமிப்புக் குணகம் (மட்டம் இறங்கும்போது நிலம் எவ்வளவு தண்ணீர் கொடுக்கும் என்ற எண்) மட்டும் ஒன்றுக்கொன்று எக்கச்சக்கமாக வேறுபடும். நிறையப் பேர் அதைப் பிழை என்று தூக்கிப் போடுவார்கள். நம்பமுடியாத அளவுக்குச் சின்னச் சேமிப்பு எண் காட்டுகிற குழாய்தான் இறைக்கிற இடத்தோடு நல்ல தொடுப்பில் இருக்கிறது. செய்தி அங்கே சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தம்பி, கட்டத்தின் எல்லையையும் பாருங்கள். சைட்டும் வீடும் மட்டும் கொள்கிற பெட்டி செய்திருந்தால், வெளியே சுற்றி வருகிற பாதையை நீங்களே வெட்டிவிட்டீர்கள்.

கிருலப்பனை_22 எழுதியது:

அக்கா, ஐயா, மிக்க நன்றி. ஒரு கிழமை கழித்து வருகிறேன், குறை நினைக்காதீர்கள்.

பெருக்கல் குறியைப் போட்டேன். சைபை 9 என்றது, சைகிட்-இமேஜ் 1 என்றது. பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

பெட்டி விஷயம் சரியாகப் பிடித்தீர்கள். என் கட்டம் வடக்கே ரோட்டோடு நின்றுவிட்டது. நாலு பக்கமும் 40 மீட்டர் கூட்டினேன், 6 அயலிலேயே 17 ஆக இருந்தது 29 ஆனது. பிறகு செல்லைப் பாதியாக்கினேன். கொம்பியூட்டர் இரவு முழுக்க ஓடியது, காலையில் ஒபீஸில் ஏசி போட்டும் அந்த மூலை சூடு. இப்போது 6 அயலுக்கு 36, 26 அயலுக்கு 52. இன்னும் ஒன்றாகவில்லை, ஆனால் ஒரே ஊருக்குள் வந்துவிட்டன.

துளை போட்ட பெடியனைப் பிடித்தேன். ஐயா சொன்னது அப்படியே நடந்தது. போர்ஹோல் 4, 9, 13 மூன்றிலும் ஏழு மீட்டர் கிட்டத்தில் நிலம் கழுவுநீரைக் "குடித்தது" என்றான். மூன்று லொக்கிலும் அந்த ஆழத்தில் களி என்றுதான் இருக்கிறது. மூன்றையும் வரைபடத்தில் கீறினால் வடமேற்காக ஒரு கோட்டில் விழுகின்றன. வீடு அந்தக் கோட்டில் இல்லை, கொஞ்சம் தள்ளி. மூன்று புள்ளி ஒரு கோட்டில் விழுந்ததற்காக ஓடை என்று சொல்லிவிட முடியாது என்று எனக்கும் தெரியும். அந்த மூன்றிலும் 0 ஐ 1 ஆக்கி, வடமேற்காக ரேஞ்சை 60 ஆகவும் குறுக்கே 20 ஆகவும் வைத்து இன்னொரு 100 ஓட்டுகிறேன்.

சேருக்குப் புட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "ரிப்போர்ட்டில் புட்டு எழுதாதே" என்றார். ரேஞ்சை வைத்து எழுதின வரியை வெட்டச் சம்மதித்துவிட்டார்.

நீர்மட்டக் குழாய்க்கு அன்ட்டியிடம் போனேன். முதலில் கேற்றைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அம்மாவும் அவவும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்களாம், அரை மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் பின் வளவில் தேசிமரத்துக்குப் பக்கத்தில் ஒன்று இறக்கலாம் என்றார். மரத்தின் வேரைத் தொடக்கூடாதாம். திங்கட்கிழமை இறக்குகிறோம், இறைப்புத் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே மட்டம் எடுத்து வைப்பேன்.

கைப்பிடிமண் எழுதியது:

நல்லது தம்பி. மழை பெய்த நாளையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், கால்வாய் ஏறினால் குழாயிலும் ஏறும், பிறகு பம்பைத் திட்டாதீர்கள். குழாய் வாய்க்கு மூடி போட்டுப் பூட்டுங்கள். தேசிமரத்துக்குக் கீழே என்றீர்கள், அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஒரு தேசிக்காயாவது உள்ளே போகும்.